கரிசலில் எழுந்த நகரம்: சிவகாசியின் வளர்ச்சியும் திட்டமிடலும்

(நம் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கவிஞர்கள் கூடியுள்ள அவையில் பொருளாதாரம் பேச ஒருவனை அழைத்திருப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். நான் பாவலன் அல்லன். பொருளியல் பாடம் நடத்திக் காலம் கழித்தவன். ஆயினும் தமிழில் ‘பொருள்’ என்னும் ஒரே சொல் செல்வத்தையும் குறிக்கிறது. சொல்லின் உட்கருத்தையும் குறிக்கிறது. வள்ளுவர் ‘நாடு’ என்றோர் அதிகாரத்தைப் பொருட்பாலில்தான் வைத்தார். ஆகவே ஒரு நகரம் எப்படி வளர்ந்தது, அந்த வளர்ச்சிக்கு விலை கொடுத்தவர்கள் யார், இனி அதனை யார், எப்படித் திட்டமிட வேண்டும் என்ற வினாக்கள் இலக்கியவாதிகளுக்கு அந்நியமானவை என்று நான் கருதவில்லை. பொதுவாகப் பேசினால் காற்றில் கோடு கிழித்தது போலாகிவிடும் என்பதால், நாம் அனைவரும் அறிந்த ஓர் ஊரை எடுத்துக்கொள்கிறேன். அவ்வூர் சிவகாசி.

அதன் நிலத்திலிருந்து தொடங்குவோம். வானத்தை நம்பிய கரிசல் காடு அது. பருத்தி, கம்பு, சோளம் ஆகியவை பெய்தால் விளையும், பொய்த்தால் இல்லை. ஆண்டு முழுதும் ஓடும் ஆறு கிடையாது. துறைமுகமோ சுரங்கமோ இல்லை. தீக்குச்சிக்கு வேண்டிய மெல்மரம் கேரளத்திலிருந்து வர வேண்டும். கந்தகமும் குளோரேட்டும் மெழுகும் காகிதமும் அவ்வூர் மண்ணில் கிடைப்பன அல்ல. திட்டக் குழுவின் அலுவலர் ஒருவர் வரைபடத்தை விரித்து, தொழில் நகரம் அமைக்க இடம் தேடியிருந்தால், சிவகாசியின்மேல் அவர் விரல் நின்றிருக்காது. அப்படிப்பட்ட ஊர்தான் நாட்டின் பட்டாசில் பத்தில் ஒன்பது பங்கை உண்டாக்குவதாக இன்று கணக்கிடப்படுகிறது. நேரு அதனைக் ‘குட்டி ஜப்பான்’ என்று அழைத்ததாகச் சொல்வார்கள். அவர் சொன்னாரோ இல்லையோ, அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

இந்த வளர்ச்சியின் தொடக்கம் தீப்பெட்டி என்று பலரும் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தீப்பெட்டிக்கு முன்பே அங்கே இரண்டு அமைப்புகள் இருந்தன. ஒன்று பேட்டை, மற்றொன்று மகமை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வணிகத்தின் பொருட்டு வடக்கே வந்து சிவகாசி, விருதுநகர், சாத்தூர், அருப்புக்கோட்டை முதலிய ஊர்களில் தங்கிய நாடார் வணிகர்கள், தங்கள் வண்டி, மாடு, சரக்கு ஆகியவற்றின் பாதுகாப்புக்கென மதில் சூழ்ந்த பேட்டைகளை அமைத்தார்கள். அங்கே கொண்டுவந்து விற்ற சரக்கில் மூட்டைக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகையைப் பொதுவில் செலுத்தினார்கள். அதுவே மகமை. அந்தப் பொதுப்பணம் கிணறாயிற்று, கோயிலாயிற்று, பின்னர்ப் பள்ளிக்கூடமாயிற்று. அரசு ஆணை எதுவும் இன்றி, கணக்குப் பிள்ளையின் பேரேட்டில் பிறந்த உள்ளூர் வளர்ச்சி நிதி அது. 1899-இல் சிவகாசி கொள்ளையையும் கலகத்தையும் கண்டது. கோயில் நுழைவு உரிமை பற்றிய பிணக்கில் ஒரு சமூகத்தின் வீடுகள் தீக்கிரையாயின. அந்த அடியிலிருந்து எழுந்தவர்கள் தங்கள் பாதுகாப்பை மதிலில் மட்டுமன்றி, கல்வியிலும் தொழிலிலும் தேடினார்கள். மகமை ஒரு சாதியின் எல்லைக்குள் நின்ற ஏற்பாடு என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதன் பலன் முதலில் யாருக்குச் சென்றது, யாருக்குச் செல்லவில்லை என்பது அந்த எல்லையிலேயே எழுதப்பட்டுவிட்டது.

இனித் தீப்பெட்டிக்கு வருவோம். 1922-இல் இந்திய அரசு வெளிநாட்டுத் தீப்பெட்டியின்மேல் குரோஸ் ஒன்றுக்கு ஒன்றரை ரூபாய் சுங்கவரி விதித்தது. அது வருவாய் வேண்டி விதித்த வரியே தவிர, நம் தொழிலை வளர்க்க வேண்டும் என்ற கருணையால் விதித்ததன்று. ஆயினும் கதவு திறந்தது. அக்காலத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இருவர் கல்கத்தா சென்று, சில மாதங்கள் தங்கித் தீப்பெட்டித் தொழிலைக் கற்று, 1923-இல் ஊர் திரும்பித் தொழில் தொடங்கினர். சுவீடன் நாட்டுப் பெருநிறுவனம் இந்தியாவில் எந்திர ஆலைகளை நிறுவிய காலமும் அதுவேதான். ஒரு பக்கம் எந்திரம், மறுபக்கம் கை. கை எப்படி நின்றது?

மூன்று காரணங்களைப் புத்தகங்கள் கூறும்: உலர்ந்த காற்று, குறைந்த முதல், மலிந்த உழைப்பு. மழையில்லாமை என்ற சாபமே தீக்குச்சி காய்வதற்கு வரமாயிற்று என்பது கேட்பதற்கு இனிமையாக இருக்கிறது. கவிஞர்கள் அதனை விரும்புவார்கள். ஆனால் மூன்றாவது காரணத்தைப் பாருங்கள். உழைப்பு ஏன் மலிந்தது? வானம் பொய்த்த ஆண்டுகளில் சுற்றுவட்டக் கிராமங்களின் கைகளுக்கு வேறு வேலையில்லை. ஆக, ஒரே வறட்சிதான் காற்றையும் உலர்த்தியது; கூலியையும் உலர்த்தியது. இந்த இரண்டாவது உலர்தலைச் சொல்லாமல் முதலாவதை மட்டும் பாடுவது அரைப் பாட்டு.

அரசின் பங்கும் உண்டு. 1934-இல் தீப்பெட்டிக்கு உற்பத்தி வரி வந்தது. உற்பத்தியின் அளவைக் கொண்டு ஆலைகளை வகை பிரித்து, கையால் செய்யும் சிற்றாலைகளுக்குக் குறைந்த வரி என்னும் முறை விடுதலைக்குப் பின் வலுப்பெற்றது. அதனால் சிறியவர்கள் பிழைத்தார்கள் என்பது உண்மை. குறைந்த வரியின் எல்லைக்குள் நிற்பதற்காக ஓர் ஆலையே உறவினர் பெயர்களில் பல ஆலைகளாகப் பிரிந்ததும் உண்மை. ஆலை பிரிந்தபோது பொறுப்பும் பிரிந்தது. யாரிடம் வேலை செய்கிறோம் என்று தொழிலாளிக்கே தெளிவில்லாத நிலை அப்படித்தான் வளர்ந்தது. திட்டம் வகுப்போர் ஒரு சலுகையை எழுதும்போது, அச்சலுகையின் விளிம்பில் மனிதர்கள் எப்படி நிற்பார்கள் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

இந்நகரின் வரலாற்றில் என்னை மிகவும் கவர்வது, ஒரு தொழில் இன்னொரு தொழிலைப் பெற்றெடுத்த முறைதான். தீப்பெட்டிக்கு மேலே ஒட்டும் படம் வேண்டும். அப்படத்தை எத்தனை நாள் வெளியூரில் அச்சடிப்பது? உள்ளூரில் கல்லச்சுக்கூடம் வந்தது. அச்சுக்கூடம் வந்தபின் தீப்பெட்டிப் படத்தோடு நிற்குமா? நாட்காட்டி வந்தது, நாட்குறிப்பு வந்தது, துணிக்கடைக்கும் பலசரக்குக் கடைக்கும் வேண்டிய சீட்டுகள் வந்தன. கோவில்பட்டியில் வாழ்ந்த கொண்டையராஜு வரைந்த தெய்வ உருவங்கள் சிவகாசியில் அச்சாகித் தமிழ்நாட்டின் சுவர்களையெல்லாம் நிறைத்தன. நம் இல்லங்களில் இலக்குமியும் முருகனும் எந்த முகத்தோடு இருக்கிறார்கள் என்பதை ஒரு பகுதியேனும் தீர்மானித்தது அந்த அச்சுக்கூடங்கள்தாம். 1972-இல் தொடங்கிய முத்து காமிக்ஸும், பின்னர் லயன் காமிக்ஸும் சிவகாசியோடு பிணைந்தவை. இரும்புக்கை மாயாவியைப் படித்துத் தமிழ் வாசிப்பைத் தொடங்கியவர்கள் இந்த அவையிலேயே சிலர் இருப்பார்கள்; நாணம் வேண்டாம், கை தூக்கச் சொல்ல மாட்டேன்.

மற்றொரு கிளை வண்ணத் தீக்குச்சி, மத்தாப்பு, பட்டாசு என்று சென்றது. வெடிபொருள்களுக்கு உரிமம் வழங்கும் விதிகள் 1940-இல் வந்தன. உலகப்போரினால் வெளிநாட்டுச் சரக்கு நின்றது. பட்டாசு ஆலைகள் எழுந்தன. பட்டாசுக்கு உறை வேண்டும், பெட்டி வேண்டும், படம் வேண்டும். அது மீண்டும் அச்சுக்கூடத்திற்கு வேலை கொடுத்தது. எந்திரம் பழுது பார்ப்போர், மை விற்போர், காகிதம் வெட்டுவோர், லாரி அனுப்புவோர் என ஊர் முழுதும் ஒன்றுக்கொன்று தாங்கலாயிற்று. ஆல்பிரட் மார்ஷல் என்ற ஆங்கிலப் பொருளியல் அறிஞர் 1890-இல் வெளியிட்ட தம் நூலில், ஒரே தொழில் செய்வோர் ஓரிடத்தில் திரண்டு வாழும்போது, தொழிலின் நுட்பம் யாருக்கும் மறைபொருளாக இராமல், குழந்தைகளும் தம்மை அறியாமலே கற்றுக்கொள்ளும்படி அங்கே பரவிவிடும் என்ற கருத்தைச் சொன்னார். சிவகாசிக்கு மிகப் பொருத்தமான கருத்து. ஆனால் குழந்தைகள் கற்றுக்கொள்வதைப் பற்றி அவர் எழுதிய அந்த வரியைச் சிவகாசியில் நின்று படித்தால் நெஞ்சு சுடுகிறது.

ஏனெனில் அங்கே குழந்தைகள் கற்றது காற்றிலிருந்து மட்டுமன்று. விடியுமுன் ஆலைப் பேருந்துகள் கிராமங்களுக்குச் சென்று சிறார்களை ஏற்றி வந்த காலம் ஒன்றிருந்தது. கட்டை அடுக்குவதற்கும் பெட்டி ஒட்டுவதற்கும் பிஞ்சு விரல்கள் விரைவானவை என்று நியாயம் பேசினார்கள். 1990-இல் ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ என்ற ஆவணப்படம் அந்த வாழ்வை வெளியுலகுக்குக் காட்டியது. பெருமைக்கு வைத்த பெயர் அப்படத்தின் தலைப்பில் குற்றச்சாட்டாக மாறிய விதத்தைப் பாவலர்கள் கவனிக்க வேண்டும். 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டமும், 1988-இல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டமும் வந்தன. 1996 டிசம்பர் 10-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, சட்டத்தை மீறிக் குழந்தையை அமர்த்தியவர் குழந்தை ஒன்றுக்கு 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்றும், அக்குழந்தையின் குடும்பத்தில் வயது வந்த ஒருவருக்கு அரசு வேலை தேடித்தர வேண்டும், இல்லையேல் 5,000 ரூபாய் சேர்க்க வேண்டும் என்றும் கூறியது. சிவகாசியைப் பற்றிய வழக்கில் பிறந்த அத்தீர்ப்பு நாடு முழுமைக்கும் பொருந்துவதாயிற்று.

இன்று அந்நிலை பெருமளவு மாறியிருக்கிறது. நீதிமன்றம் மட்டுமா மாற்றியது? 1982-இல் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டம், அருகில் வந்த பள்ளி, பெண்களின் கூலியில் சிறு உயர்வு, தீப்பெட்டியில் எந்திரம் என்று பலவும் சேர்ந்தன. ஊராரின் கொடையால் எழுந்த கல்லூரிகளையும் குறிப்பிட வேண்டும். அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி 1963-லேயே தொடங்கப்பட்டுவிட்டது. கல்லூரி திறந்த ஊரிலேயே கல்லூரி வாயிலைப் பாராத ஒரு தலைமுறையும் வளர்ந்தது. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதினால்தான் அது வரலாறு.

தீயைப் பற்றியும் பேச வேண்டும். 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டியில் நேர்ந்த வெடி விபத்தில் ஏறக்குறைய நாற்பது பேர் மாண்டனர். அவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை செய்தவர்கள் அல்லர். முதல் வெடி கேட்டு உதவி செய்ய ஓடியவர்கள். அதற்குப் பின்னரும் ஆண்டு தவறாமல் உயிர்கள் போகின்றன. காரணங்களைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. உரிமம் ஒருவரிடம், வேலை நடத்துவோர் வேறு பலர். அறை அறையாக வாடகைக்கு விடும் உள்குத்தகை. நான்கு பேர் இருக்க வேண்டிய அறையில் எட்டுப் பேர். தீபாவளி நெருங்க நெருங்க விரைவு. பீஸ் கணக்கில் கூலி என்றால், விரைவுதான் சோறு. எச்சரிக்கை என்பது இழந்த கூலி. இதனை வெறும் அறிவுரைப் பலகையால் மாற்ற இயலாது.

இவ்விடத்தில் மொழி பற்றி ஒரு சொல். அப்பகுதி மக்கள் தொழிற்சாலையைத் தொழிற்சாலை என்று சொல்வதில்லை. ‘தீப்பெட்டி ஆபீஸ்’, ‘வெடி ஆபீஸ்’, ‘அச்சாபீஸ்’ என்பார்கள். மண்வெட்டி பிடித்தவன் நிழலில் அமர்ந்து செய்யும் வேலைக்குப் போனபோது அந்தச் சொல்லில் ஒரு மதிப்பைக் கண்டான். வெடிக்குள் இடும் கலவைக்கு அவர்கள் சொல்லும் பெயர் ‘மருந்து’. நோயைத் தீர்ப்பதும் அதே சொல். மருந்து அறையில் வெந்தவரை மருந்து போடத் தூக்கிச் செல்கிறார்கள். இதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லத் தேவையில்லை.

இனித் திட்டமிடலுக்கு வருகிறேன். நம் நாட்டில் சிறு நகரங்களுக்குத் திட்டமே இல்லை என்று சொல்ல முடியாது. தமிழ்நாடு நகர், ஊரமைப்புச் சட்டம் 1971-இல் வந்தது. சிறு, நடுத்தர நகரங்களின் ஒருங்கிணைந்த வளர்ச்சிக்கென மைய அரசின் திட்டம் 1979–80-இல் தொடங்கியது. 1993 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 74-ஆம் திருத்தம் நகராட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க 18 பணிகளைப் பட்டியலிட்டது. அவற்றுள் ‘பொருளாதார, சமூக வளர்ச்சிக்குத் திட்டமிடல்’ என்பதும் ஒன்று. காகிதத்தில் எல்லாம் இருக்கின்றன. நடைமுறையில் நகராட்சியின் திட்டம் என்றால் சாலை, சாக்கடை, பேருந்து நிலையம், கடை வாடகை. நகரமைப்புத் துறையின் திட்டம் என்றால் வண்ணம் தீட்டிய வரைபடம். மஞ்சள் குடியிருப்பு, நீலம் வணிகம், ஊதா தொழில். வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பெட்டி ஒட்டும் பெண்ணுக்கு எந்த வண்ணம்? அவள் வீடு குடியிருப்பா, தொழிலகமா? வரைபடம் அவளைக் காணவில்லை. ஆனால் அவள் கையிலிருந்து புறப்பட்ட பெட்டி இந்தியா முழுதும் போயிற்று.

2021-இல் திருத்தங்கல் நகராட்சியைச் சேர்த்துச் சிவகாசி மாநகராட்சியாயிற்று. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சிவகாசியில் 71 ஆயிரம் பேர், திருத்தங்கலில் 55 ஆயிரம் பேர். இரண்டும் சேர்ந்தாலும் மாநகரம் என்ற சொல்லுக்குச் சிறியதுதான். ஆனால் திருத்தங்கலை வெறும் இணைப்புப் பகுதி என்று நாம் கடந்துவிடக் கூடாது. சங்கப் புலவர் வரிசையில் தங்காற் பொற்கொல்லனார் என்றொரு பெயர் உண்டல்லவா? அந்தத் தங்கால் இதுவே என்பர் அறிஞர். ஊரும் தொழிலும் சேர்ந்து ஒரு புலவரின் பெயராக நின்றிருக்கின்றன. உலையில் பொன் உருக்கியவர் பாட்டும் எழுதினார். அதை எவரும் விந்தையாகக் கருதவில்லை.

இப்போது அந்நகரின்முன் நிற்கும் இடர் என்ன? 2018 அக்டோபர் 23-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் பேரியம் சேர்ந்த பட்டாசையும் சரவெடியையும் தடுத்து, மாசு குறைந்த பட்டாசுக்கு மட்டும் இடமளித்து, தீபாவளியன்று வெடிக்க இரண்டு மணி நேரமும் குறித்தது. தில்லியில் குழந்தைகள் மூச்சுவிடத் திணறும்போது அத்தீர்ப்பை நான் குறை கூற மாட்டேன். ஆனால் தில்லியின் மூச்சுக்கும் சிவகாசியின் சோற்றுக்கும் இடையில் ஒரு திட்டம் இருந்திருக்க வேண்டும்; அது இல்லை. தீப்பெட்டியோ மெல்லச் சுருங்குகிறது. 2007-இல் ஒரு ரூபாயான பெட்டி, 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாயாயிற்று. பதினான்கு ஆண்டுகள் விலை அசையவில்லை, மெழுகும் அட்டையும் மட்டும் அசைந்தன. விலை குறைந்த லைட்டர் வந்து சேர்ந்தது. 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர்களின் இறக்குமதியை 2023 ஜூனில் மைய அரசு தடுத்தது சிறிது மூச்சு கொடுத்தது. அச்சுத் தொழிலுக்கு எதிரே கைப்பேசி நிற்கிறது. நாள் பார்க்கச் சுவரை நோக்கும் பழக்கம் குறைகிறது.

ஒரே பண்டிகையை நம்பி ஒரு நகரம் நிற்கக் கூடாது. வழி என்ன என்று கேட்டால், வெளியூர்ப் பெரிய ஆலை ஒன்றை மானியம் கொடுத்து அழைத்து வருவதை நான் முதலில் வைக்க மாட்டேன். சலுகை முடிந்ததும் அது கிளம்பிவிடும். தீப்பெட்டிப் படத்திலிருந்து நாட்காட்டிக்குச் சென்றது போல, கையில் உள்ள திறமையிலிருந்து அடுத்த கிளை விட வேண்டும். அச்சும் அட்டைப் பெட்டியும் அத்தகைய கிளைகள். மருந்துக் குப்பிக்கும் உணவுப் பொருளுக்கும் உறை வேண்டாத நாள் வராது. நுட்பமான உறை அச்சுக்கு வேண்டிய பயிற்சியையும் சோதனைக் கூடத்தையும் தனியொரு சிறு அச்சகத்தால் வைத்துக்கொள்ள இயலாது, பொதுவில் வைக்கலாம். பழைய மகமை எதற்கு? மூட்டைக்குக் காசு போட்டுப் பள்ளி நடத்திய ஊருக்கு, பெட்டிக்குக் காசு போட்டுப் பயிற்சிக் கூடம் நடத்தத் தெரியாதா? இம்முறை அது சாதி மதிலுக்கு வெளியே, உழைப்போரின் பிரதிநிதியும் கணக்குப் பார்க்கும் நிதியாக இருக்க வேண்டும். அந்நிதியின் முதல் செலவு தீக்காய மருத்துவத்துக்கும், இறந்தவர் வீட்டுப் பிள்ளைகளின் படிப்புக்கும் என்று எழுதிவிட வேண்டும். உள்குத்தகையைப் பொறுத்தவரை, உரிமம் யார் பெயரில் உள்ளதோ அவரே முழுப்பொறுப்பு என்று சட்டம் விதித்தால் போதாது. மாநகராட்சி தன் எல்லையிலும், ஊராட்சிகள் தம் எல்லையிலும் எந்த அறையில் எவர் வேலை செய்கிறார் என்ற பேரேட்டை வைத்து ஊரார் பார்வைக்குத் திறந்து வைக்க வேண்டும். ஆலைக்காரர்களுக்கு இது கசக்கும். அவர்களுள் நேர்மையாக நடப்பவர்களுக்கு இதுவே காப்பு என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

நம் வட்டம் இதில் என்ன செய்யலாம் என்று செயலாளர் தொலைபேசியில் கேட்டார். நிதி திரட்டச் சொல்ல மாட்டேன். ஆண்டு மலருக்கே நாம் படும் பாடு எனக்குத் தெரியும். ஒரு வேலை இருக்கிறது. கட்டை அடுக்கியவர்கள், கல்லச்சில் படம் பதித்தவர்கள், திரி வைத்தவர்கள் முதுமை எய்திவிட்டார்கள். எந்திரம் வந்த இடங்களில் அவர்களுடைய சொற்கள் எவர் வாயிலும் இல்லை. ஒவ்வொரு தொழிலுக்கும் இரண்டு உறுப்பினர்கள் சென்று, கருவியின் பெயர், செயலின் பெயர், அளவின் பெயர், கூலியின் பெயர், காயத்தின் பெயர் என்று அவர்கள் சொல்வதைச் சொன்னபடியே எழுதி வர வேண்டும், செந்தமிழாக்க வேண்டாம். எந்த ஆண்டில் குரோஸுக்கு என்ன கூலி என்பதையும் உடன் குறிக்க வேண்டும். அப்படிச் சேர்ந்த ஏட்டை மாநகராட்சித் திட்டக் கூட்டத்தில் ஒரு படி வைப்போம். கல்லூரித் தமிழ்த் துறைக்கு ஒரு படி கொடுப்போம். வட்டத்தின் அடுத்த கூட்டத்திலேயே பெயர் கொடுக்க விரும்புவோர் கொடுக்கலாம். தீப்பெட்டிக்கு என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.